பழைய பீரங்கியை அடையாளம் காண்பதும் மேசைப் போருக்குப் பதிலி தேர்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைப் போர் என்பது சிறு மினியேச்சர் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு. அதற்காகத் தேடும்போது மங்கலான புகைப்படத்தில் ஒரு பீரங்கி தெரியும். அது என்னவென்று தெரியாது. தெரிந்த பிறகோ, நம் அளவில் அதன் மினியேச்சர் எங்கும் கிடைக்காது. இவ்விரண்டு சிக்கல்களுக்கும் தீர்வு ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கிறது. வண்டியை, அதாவது குழலைத் தாங்கும் சக்கர அமைப்பைப் படிக்கத் தெரிந்தால் பீரங்கியின் பெயரும் கிடைக்கும், அதற்குப் பதிலி, அதாவது அதன் இடத்தில் வைக்கத்தக்க வேறு மினியேச்சர், எது என்பதும் தெரிந்துவிடும்.

படத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பெரும்பாலோர் குழலின் வாயைப் பார்த்து "இது எத்தனை மில்லிமீட்டர்?" என்று தொடங்குகிறார்கள். படத்தில் சரியாக அளக்க முடியாத பகுதி அதுதான். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலில் வண்டியின் வால், அதாவது தரையில் ஊன்றும் பின்பகுதி. இரு பக்கப் பலகைகளால் ஆனதா, ஒற்றை உத்தரமா, நடுவில் திறப்புள்ள பெட்டி வடிவமா, இரண்டாக விரியும் பிளவு வாலா? அடுத்து சக்கரம்: மர ஆரக்காலா, இரும்புத் தட்டா, காற்றடைத்த டயரா? மூன்றாவது, குழலுக்கு மேலோ கீழோ பின்னுதைப்பைத் தாங்கும் உருளை இருக்கிறதா? நான்காவது கேடயத்தின் மேல்விளிம்பு: நேரா, வளைவா, படிப்படியா? இவற்றுக்குப் பிறகே பின்பூட்டும் (குழலின் பின்முனையை மூடும் பகுதி) குழல் வாயும்.

காரணம் எளியது. குழலைப் படைகள் அடிக்கடி மாற்றின. பழைய குழலைத் துளைத்துப் பெரிதாக்கின, புதிய குழலைப் பழைய வண்டியில் ஏற்றின. ஒரு வண்டி வடிவமோ பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். எந்த நாடு, எந்தக் காலம் என்று அதுவே சொல்லிவிடும்.

காலத்தைக் கணிக்க விரைவான வழி உண்டா?

உண்டு. குழலின் இருபக்கமும் நீளும் ட்ரனியன் முளைகள் நேராக வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தால், சுடும்போது வண்டி முழுவதும் பின்னோக்கி ஓடும். அத்தகைய பீரங்கி பெரும்பாலும் 1897க்கு முந்தைய வடிவமைப்பு. அந்த ஆண்டில் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கி வந்தது. அதன் குழல் மட்டும் பின்னோக்கி வழுக்கி, எண்ணெயும் காற்றும் கொண்ட உருளையால் தன் இடத்துக்குத் திரும்பும், வண்டி அசையாது. ஆகவே குழலோடு ஒட்டி நீளமான உருளையோ, குழல் வழுக்கும் தொட்டிலோ தெரிந்தால் 20ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று தொடங்கலாம்.

இடைக்காலத்து வகைகள் குழப்பும். 1899–1902 போயர் போரில் பிரிட்டன் பயன்படுத்திய 15 பவுண்டரில் அச்சுக்குக் கீழே ஒரு மண்வெட்டித் தகடு தொங்கும். அது கம்பிவடத்தால் வாலுக்குள் உள்ள ஸ்பிரிங்கோடு இணைக்கப்பட்டிருக்கும். குழலில் எந்த உருளையும் இராது. படத்தில் அந்தத் தகட்டைக் கண்டால் காலம் உடனே குறுகிவிடும்.

பிளவு வால் தெரிந்தால் 1911க்குப் பிறகு; இத்தாலி ஏற்ற 75/27 பீரங்கியோடுதான் அது களத்துக்கு வந்தது. காற்றடைத்த டயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 1900களின் பீரங்கிகள் பலவற்றுக்கு 1930களில் லாரியால் இழுப்பதற்காகப் புதுச் சக்கரம் மாட்டினார்கள்.

6 பவுண்டர், 12 பவுண்டர் என்றால் என்ன? நாட்டுக்கு நாடு மாறுமா?

பழைய பீரங்கிகளில் அது திட இரும்புக் குண்டின் எடை. மாறுவது பவுண்டின் அளவு. பிரிட்டிஷ் பவுண்டு 453.6 கிராம், பழைய பிரெஞ்சுப் பவுண்டு 489.5 கிராம். கணக்குப் போட்டால் பிரெஞ்சு 8 பவுண்டரின் குண்டு சுமார் 3.9 கிலோ, பிரிட்டிஷ் 9 பவுண்டரின் குண்டு சுமார் 4.1 கிலோ. உள்விட்டம் முறையே சுமார் 106, 107 மி.மீ. பெயரில் வேறு, மேசையில் குழல் ஒன்றே. பிரிட்டிஷ் 6 பவுண்டர் 93 மி.மீ.; 12 பவுண்டர் 117 மி.மீ.; பிரெஞ்சு 12 பவுண்டர் 121 மி.மீ.

ஹவிட்சரில், அதாவது குண்டை உயரத் தூக்கி எறியும் கட்டைக் குழல் பீரங்கியில், ஏமாற வேண்டாம். ஆஸ்திரிய, பிரஷ்ய 7 பவுண்டர் ஹவிட்சரின் எண் கல் குண்டின் எடையைக் குறிப்பது. கல் இரும்பைவிட இலேசானது என்பதால் அதே எண்ணுக்கு வாய் மிக அகலமாக, சுமார் 15 செ.மீ. இருக்கும். 7 பவுண்டர் என்ற பெயரை நம்பி 6 பவுண்டர் குழலை அதற்குப் பொருத்தினால் பார்த்தவுடன் தப்பு தெரியும்.

நெப்போலியன் காலத்தில் ஒவ்வொரு நாட்டுப் பீரங்கியையும் எப்படிப் பிரிப்பது?

பிரிட்டிஷ் வண்டி ஒன்றுதான் உடனே பிரியும். 1790களில் வந்த ஒற்றை உத்தர வால் அது. ஐரோப்பியக் கண்டத்துப் படைகள் இரு பக்கப் பலகைகளைக் குறுக்குச் சட்டங்களால் கோத்த வாலையே வைத்திருந்தன. எனவே பிரெஞ்சுக்கும் பிரிட்டனுக்கும் ஒரே மினியேச்சரைப் பயன்படுத்தாதீர்கள். பின்னாலிருந்து பார்க்கும் ஆட்டக்காரரின் கண்ணில் படுவது வால்தான்.

பிரெஞ்சு கிரிபோவால் முறை 1765ல் தொடங்கியது. குழல் நீளம் உள்விட்டத்தைப் போல் சுமார் 18 மடங்கு. வண்டியின் பக்கப் பலகையில் ட்ரனியனுக்கு இரண்டு பள்ளங்கள்: சுடும்போது முன்னது, பயணத்தில் பின்னது. பலகைகளுக்கு நடுவே ஒரு சிறு வெடிமருந்துப் பெட்டி இருக்கும். சண்டையில் அதை எடுத்து, பீரங்கியை இழுக்க முன்னால் பூட்டும் முன்வண்டியில் வைப்பார்கள். சுடும் நிலையில் ஒட்டும் பீரங்கியில் அந்தப் பெட்டியை வாலில் வைத்தால் அது பிழை.

ஆஸ்திரியாவின் 1753 முறைக் குழல்கள் கட்டையானவை, சுமார் 16 மடங்கு. குதிரைப்படையோடு செல்லும் அவர்களுடைய வண்டியின் வாலில் வீரர்கள் கால்பரப்பி உட்காரும் நீண்ட மெத்தை இருக்கை உண்டு. அதைத் தவறவே விட முடியாது. ரஷ்யாவில் லிகோர்ன் என்ற வகையைத் தேடுங்கள்: ஹவிட்சரைவிட நீளம், சாதாரணப் பீரங்கியைவிடக் கட்டை, உள்ளே மருந்தறை கூம்பாகக் குறுகும்.

வண்ணம் பாதி வேலையைச் செய்துவிடும். பிரான்ஸ் ஆலிவ் பச்சை, ரஷ்யா பச்சை, ஆஸ்திரியா காவி மஞ்சள், பிரஷ்யா நீலம், பிரிட்டன் சாம்பல். இரும்புப் பட்டைகளுக்குக் கறுப்பு. ஒரு யார்டு தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் குழல் வளையங்களைவிட இந்த நிறம்தான் நாட்டைச் சொல்லும்.

அந்தக் காலத்துக்கு நியாயமான பதிலிகள் எவை?

வரலாறே சில பதிலிகளைத் தந்திருக்கிறது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியனுக்கு எதிராக நடந்த ஐபீரியப் போரில் போர்ச்சுகல் படை பிரிட்டிஷ் பீரங்கிகளைப் பயன்படுத்தியது. ஒரே மினியேச்சர் இரண்டுக்கும் போதும். 1809ல் பிரெஞ்சுக் காலாட்படை ரெஜிமெண்டுகளுக்குக் கைப்பற்றிய ஆஸ்திரியப் பீரங்கிகள் கொடுக்கப்பட்டன. பிரெஞ்சு அணியில் ஆஸ்திரியக் குழல் நிற்பது முழுக்கச் சரி.

இதைவிடப் பயனுள்ள சங்கிலி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஒற்றை உத்தர வாலைப் பார்த்து பிரான்ஸ் 1827ல் தன் வண்டியை மாற்றியது. அந்தப் பிரெஞ்சு வடிவத்தை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. ஆகவே அமெரிக்க உள்நாட்டுப் போருக்காக விற்கப்படும் வண்டி, 1854–56 கிரிமியப் போரின் பிரெஞ்சு அணிக்கும் 1859 இத்தாலியப் போரின் பிரெஞ்சு அணிக்கும் பொருந்தும். குழல் விஷயத்திலும் அதே உறவு: அமெரிக்காவின் 1857 மாதிரி 12 பவுண்டர் நெப்போலியன், பிரான்ஸின் 1853 மாதிரி 12 பவுண்டரைப் பின்பற்றியது. அமெரிக்க மினியேச்சர்கள் எல்லா அளவிலும் ஏராளமாகக் கிடைப்பதால் இந்தச் சங்கிலி பல அணிகளைக் காப்பாற்றும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் மூன்று பொதுவான களப் பீரங்கிகளை எப்படிப் பிரித்தறிவது?

வெண்கல நிறம், மென்மையான உடல், வாயில் இலேசான புடைப்பு: 12 பவுண்டர் நெப்போலியன், 4.62 அங்குலம். கறுப்பு இரும்பு, வளையமே இல்லாமல் பின்னிலிருந்து முன்னுக்குச் சீராக மெலியும் குழல்: 3 அங்குல ஆர்ட்னன்ஸ் ரைபிள். கறுப்பு இரும்பு, பின்பகுதியில் ஒரு தடித்த பட்டை: பேரட் ரைபிள். பேரட்டின் குழல் வார்ப்பிரும்பு. அது வெடிக்காமல் இருக்கவே அந்தத் தேனிரும்புப் பட்டை.

ஒரு கண்ணி: தென் மாநிலங்களின் ட்ரெடிகர் ஆலை பிற்பகுதியில் வார்ப்பிரும்பில் நெப்போலியன் செய்தது, அதற்கும் பின்புறம் பட்டை உண்டு. வாயின் அகலத்தைப் பார்த்தால் பேரட்டிலிருந்து பிரிந்துவிடும்.

குழல் நீளம் மூன்றுக்கும் 66 முதல் 75 அங்குலத்துக்குள்தான். 28 மி.மீ. உயர ஆட்களுக்கான அளவில் (ஏறக்குறைய 1/56) வித்தியாசம் மூன்று நான்கு மில்லிமீட்டர். வண்டிச் சக்கரம் 57 அங்குலம், ஆரக்கால் 14. எனவே ஒரே வண்டியை வாங்கி, குழலைப் பசையிடாமல் ட்ரனியன் பள்ளத்தில் வைத்தால் மூன்று பீரங்கிகளாகவும் மாற்றி ஆடலாம். ட்ரனியன் மூடும் பட்டையை மட்டும் குழலோடு ஒட்டிவிடுங்கள்; கழன்று விழாது.

முதல் உலகப் போர்ப் பீரங்கிகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றனவே?

உண்மைதான். மரச் சக்கரம், தட்டையான கேடயம், 75 முதல் 84 மி.மீ. வரை. பின்னுதைப்பு உருளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பிரிட்டிஷ் 18 பவுண்டரின் தொடக்க வகைகளில் உருளை குழலுக்கு மேலே இருக்கும். அதன் மேல் கயிறு சுற்றப்பட்டிருக்கும். வால் ஒற்றைக் குழாய். போரின் இறுதியில் வந்த மார்க் 4ல் உருளை கீழே போய்விட்டது, வாலும் பெட்டி வடிவமாயிற்று. இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். வாங்குமுன் பக்கவாட்டுப் படம் பாருங்கள்.

பிரெஞ்சு 75ன் குழலுக்கு மேலே ஒன்றும் இல்லை. வாய்க்குக் கீழே இரு சிறு உருளிகள் தொங்கும். குழல் முழுதும் பின்னே போகும்போது அவை தொட்டிலின் தடத்தைப் பிடித்துத் தாங்கும். ஜெர்மன் 7.7 செ.மீ. எஃப்.கே. (களப் பீரங்கி) 96 புதிய வகையின் குழல் கட்டையானது. கேடயத்துக்கு முன்னால் அச்சின் மேல் இரண்டு இருக்கைகள். ஆஸ்திரிய எம்.5 பீரங்கியின் குழல் வெண்கலம், 8 செ.மீ. என்று பெயர், உண்மையில் 76.5 மி.மீ.

பால்கன் போர், பெல்ஜியம், துருக்கி போன்ற அணிகளுக்கு என்ன செய்வது?

அந்தக் காலத்தில் சிறிய நாடுகள் பெரும்பாலும் இரு கடைகளில்தான் வாங்கின: ஜெர்மனியின் க்ரப், பிரான்ஸின் ஷ்னைடர். துருக்கி, ருமேனியா, பெல்ஜியம் ஆகியவை க்ரப் 75 மி.மீ.; செர்பியா, பல்கேரியா, கிரீஸ் ஆகியவை ஷ்னைடர் 75 மி.மீ. ஜப்பானின் 38ஆம் வகையும் க்ரப் வடிவமைப்பே.

க்ரப் ஏற்றுமதிகளுக்கு எஃப்.கே. 96 புதிய வகை நல்ல பதிலி. எண்களைப் போட்டுப் பாருங்கள். க்ரப் 75ன் குழல் உள்விட்டத்தைப் போல் 30 மடங்கு, அதாவது 2.25 மீட்டர். 1/72 அளவில், அதாவது 72ல் ஒரு பங்காகச் சுருக்கினால், 31 மி.மீ. ஜெர்மன் 7.7 செ.மீ. 27.3 மடங்கு, 2.1 மீட்டர், 29 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், உள்விட்டத்தில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஷ்னைடருக்குப் பிரெஞ்சு 75ஐ வைப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். வாய்க்குக் கீழே தொங்கும் உருளிகளை வெட்டிவிட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொன்று. பிரெஞ்சு 75ன் குழலும் (36 மடங்கு, 2.7 மீட்டர்) ஜெர்மன் எஃப்.கே. 16ன் குழலும் (35 மடங்கு, 2.7 மீட்டர்) ஒரே நீளம். எஃப்.கே. 16 நின்றது 10.5 செ.மீ. இலகு ஹவிட்சர் 16ன் வண்டியில். அந்த ஹவிட்சர் மினியேச்சரும் 37 மி.மீ. நீளக் குழாயும் இருந்தால் 1/72ல் எஃப்.கே. 16 தயார்.

இரண்டாம் உலகப் போரில் ஒரே வண்டியைப் பகிர்ந்த பீரங்கிகள் எவை?

பதிலி தேடுபவருக்கு இதைவிட மதிப்புள்ள தகவல் இல்லை. ஒன்று கிடைத்தால் மற்றொன்றைக் குழல் மாற்றியே செய்துவிடலாம்.

ஜெர்மனி: 10 செ.மீ. கே.18 பீரங்கி, 15 செ.மீ. கன ஹவிட்சர் 18 ஆகியவற்றுக்கு ஒரே வண்டி. கே.18ன் உண்மையான உள்விட்டம் 105 மி.மீ., குழல் 52 மடங்கு. 1/72ல் 76 மி.மீ. ஹவிட்சருக்கு 61 மி.மீ. ஆக 15 மி.மீ. நீட்டி, குழலை மெலிதாக்கினால் போதும். 17 செ.மீ. கே.18ம் 21 செ.மீ. மோர்சர் 18ம் அப்படியே. 10.5 செ.மீ. இலகு ஹவிட்சர் 18/40 நின்றது பாக் 40 என்ற டாங்கி எதிர்ப்புப் பீரங்கியைத் தழுவிய வண்டியில்.

சோவியத்: 76 மி.மீ. ஜிஸ்-3, 57 மி.மீ. ஜிஸ்-2 வண்டியில் ஏறியது. ஜிஸ்-3க்கு வாயில் மஸில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் முனை) உண்டு, ஜிஸ்-2 மெலிந்து நீண்டது, பிரேக் இல்லை, 73 மடங்கு, 28 மி.மீ. அளவில் 74 மி.மீ. குழல். 152 மி.மீ. டி-1 ஹவிட்சர், 122 மி.மீ. எம்-30ன் வண்டியை எடுத்து அதில் பெரிய மஸில் பிரேக்கோடு கூடிய குழலை வைத்தது. 122 மி.மீ. ஏ-19, 152 மி.மீ. எம்.எல்.-20 ஆகியவற்றுக்கும் ஒரே வண்டி.

பிரிட்டன்: 4.5 அங்குல நடுத்தரப் பீரங்கியும் 5.5 அங்குலமும், சக்கரத்துக்கு மேலே செங்குத்தாக நிற்கும் இரு கொம்புகள் அடையாளம். 17 பவுண்டரின் தொடக்கத் தொகுதி 25 பவுண்டர் வண்டியில் ஏற்றப்பட்டது.

அமெரிக்கா: 155 மி.மீ. எம்1 ஹவிட்சரும் 4.5 அங்குல எம்1 பீரங்கியும், லாங் டாம் எனப்படும் 155 மி.மீ. பீரங்கியும் 8 அங்குல ஹவிட்சரும்.

கைப்பற்றிய பீரங்கிகளை எப்படிக் கண்டுகொள்வது?

ஜெர்மன் பெயரின் கடைசியில் அடைப்புக்குள் வரும் ஓரெழுத்து பிறந்த நாட்டைச் சொல்லும்: ஆர் என்றால் ரஷ்யா, எஃப் பிரான்ஸ், ஈ இங்கிலாந்து, டி செக், பி போலந்து. சோவியத் எஃப்-22 பீரங்கி மஸில் பிரேக்கோடு 7.62 செ.மீ. பாக் 36 ஆர் ஆயிற்று. ஆகவே அதன் மினியேச்சரில் பிரேக் இருந்தால் ஜெர்மன், இல்லாவிட்டால் சோவியத்.

பிரெஞ்சு 75ன் குழலை ஜெர்மனி பாக் 38 வண்டியில் ஏற்றி, துளைகள் நிறைந்த உருளை வடிவ பிரேக்கை மாட்டி, பாக் 97/38 என்று பெயரிட்டது. இதை நீங்களே செய்யலாம். பாக் 38ன் குழலைத் தொட்டிலின் முன்விளிம்பில் நேராக வெட்டுங்கள். முனையின் நடுவில் 0.8 மி.மீ. துளை, ஆழம் 4 மி.மீ. அதில் எஃகுக் கம்பி. 1/72க்கு பின்பூட்டிலிருந்து வாய் வரை மொத்தம் 37.5 மி.மீ. வருமாறு புதுக் குழாயை ஒட்டி, அதற்கும் அப்பால் பிரேக்கைச் சேருங்கள். பிரேக்குக்குக் குழலைவிடச் சற்றுத் தடித்த பிளாஸ்டிக் குழாய்; ஒட்டுமுன் 0.4 மி.மீ. துரப்பணத்தால் துளை வரிசைகளை இடுங்கள். ஒட்டிய பின் துளையிட்டால் குழல் அசைந்து இணைப்பு விட்டுப்போகும்.

புகைப்படத்திலிருந்து குழல் நீளத்தை அளக்க முடியுமா?

பீரங்கி கேமராவுக்குப் பக்கவாட்டில் நின்றால் மட்டும். சக்கரத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் படம் நேர்ப் பக்கவாட்டு. அகலம் குறைந்து சக்கரம் நீள்வட்டமாகத் தெரிந்தால் வண்டி திரும்பியிருக்கிறது. குழலும் அதே விகிதத்தில் குறுகித் தெரியும். குழல் அளவை, சக்கர அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண்ணால் வகுத்துத் திருத்தலாம். 0.8க்குக் கீழே போனால் வேறு படம் தேடுங்கள்.

அளவுகோலாகச் சக்கர விட்டத்தை எடுங்கள். அருகில் நிற்கும் ஆளை எடுக்காதீர்கள். அவர் ஓரடி முன்னே நின்றாலும் கணக்கு கெடும். குழல் உயர்த்தப்பட்டிருந்தால் அதன் சாய்கோட்டின் வழியாகவே அளக்க வேண்டும்.

நூல்களில் வரும் மடங்கு எண்ணிலும் ஒரு வேறுபாடு உண்டு. சிலர் பின்பூட்டையும் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். மஸில் பிரேக் பெரும்பாலும் சேராது. இரு நூல்களில் 5 சதவீதம் மாறினால் காரணம் இதுதான்.

என் குழல் மெலிந்து குச்சியாகத் தெரிகிறது. ஏன்?

உள்விட்டத்தை வெளிவிட்டம் என்று எடுத்துக்கொண்டதால். 75 மி.மீ. என்பது துளையின் அளவு. 1/72ல் அது 1 மி.மீ. துளை. அதைச் சுற்றி எஃகுச் சுவர் உண்டு. வெளிவிட்டத்தைப் படத்தில் தனியாக அளந்து குழாய் வாங்குங்கள். வாயில் ஓர் அளவு, பின்பூட்டுக்கு முன் ஓர் அளவு. பித்தளைக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அளவுகளில் விற்கப்படுவதால் இரண்டு மூன்றைக் கோத்துப் படிப்படியான குழல் செய்யலாம்.

வெவ்வேறு அளவு மினியேச்சர்களைக் கலக்கலாமா?

28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏறக்குறைய 1/56, 20 மி.மீ. என்பது 1/72, 15 மி.மீ. என்பது 1/100, 6 மி.மீ. என்பது 1/285 முதல் 1/300 வரை. 1/76க்கும் 1/72க்கும் வித்தியாசம் 5 சதவீதமே, தாராளமாகக் கலக்கலாம். 1/48 பீரங்கி 28 மி.மீ. ஆட்களுக்கு அருகில் 17 சதவீதம் பெரிது. கனப் பீரங்கிக்குப் பரவாயில்லை. சிறு டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கு ஆகாது, ஆட்கள் கேடயத்துக்குள் மறைந்துவிடுவார்கள்.

குறுக்கு வழி ஒன்று: சிறிய அளவின் பெரிய பீரங்கி, பெரிய அளவின் சிறிய பீரங்கியாகும். 105 மி.மீ. துளை 1/72ல் 1.46 மி.மீ.; 75 மி.மீ. துளை 1/56ல் 1.34 மி.மீ. குழல் ஏற்கத்தக்கது. சக்கரத்தை மட்டும் சோதியுங்கள். அமெரிக்க 57 அங்குலச் சக்கரம் 1/56ல் 26 மி.மீ., 1/72ல் 20 மி.மீ.; ஆறு மில்லிமீட்டர் குறைவை எந்த வண்ணமும் மறைக்காது. சக்கரத்தைத் தனியாக வாங்கி மாற்றிவிட்டால் மீதியை யாரும் கவனிப்பதில்லை.

3டி அச்சில் எடுக்கும்போது என்ன தவறுகள் வரும்?

28 மி.மீ. கோப்பை 56 சதவீதமாகச் சுருக்கினால் 15 மி.மீ. அளவு கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் 0.8 மி.மீ. கேடயம் 0.45 மி.மீ. ஆகி, கழுவும்போதே வளையும். ஆரக்கால் முறியும். சுருக்குமுன் கேடயத்தையும் ஆரக்காலையும் கைப்பிடிகளையும் தடிப்பாக்க வேண்டும். சுருக்கிய பிறகு 0.6 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள்.

குழலைத் தனியாக, பின்பூட்டு கீழே இருக்கும்படி ஏறக்குறையச் செங்குத்தாக அச்சிடுங்கள். தாங்குகால்கள் பின்பூட்டில் மட்டும். படுக்கவைத்து அச்சிட்டால் கீழ்ப்பக்கம் முழுதும் குழிகள் விழும், குறுக்குவெட்டும் முட்டை வடிவமாகும். வாய்த்துளையை 2, 3 மி.மீ. ஆழத்தோடு நிறுத்துங்கள், ஆழமான துளைக்குள் உறையாத ரெசின் தங்கி, பல நாள் கழித்துக் கசிந்து பெயிண்டைக் கெடுக்கும்.

குழல் வளைந்துவிட்டது. சரிசெய்யலாமா?

ரெசின் என்றால் 60–70 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, தட்டையான கண்ணாடியின் மேல் உருட்டி நேராக்கி, உடனே குளிர்நீரில் போடுங்கள். வெந்நீரில் இருந்தபடியே நிமிர்த்தி, ஆறவிடாமல் வெளியே வைத்தால் பழைய வளைவுக்கே திரும்பும். வெள்ளீயக் கலவை என்றால் விரலால் மெல்ல ஒருமுறை. முன்னும் பின்னுமாக வளைத்தால் விரிசல் விட்டு உடையும். உடைந்துவிட்டால் ஒட்டிப் பார்ப்பதில் பயனில்லை; பித்தளைக் குழாயால் மாற்றுங்கள்.

வாயைத் துளையிடும்போது முதலில் ஊசியால் நடுவில் குத்துங்கள். பிறகு 0.5, அடுத்து 0.8, கடைசியில் வேண்டிய அளவு. கைத்துரப்பணம் மட்டும்; மின்துரப்பணத்தின் வெப்பத்தில் ரெசினும் பிளாஸ்டிக்கும் இளகும். ஒவ்வொரு படியிலும் துளையை நேர்முகமாகப் பாருங்கள். நடு விலகியிருந்தால் அடுத்த பெரிய அளவு அதைத் திருத்தாது, இன்னும் கோணலாக்கும். பசை விட்டு அடைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

எந்த வித்தியாசத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது?

மஸில் பிரேக் இருப்பதும் இல்லாததும். பெட்டி வாலும் பிளவு வாலும். மரச் சக்கரமும் டயரும். 25 பவுண்டரின் கீழே இருக்கும் வட்டத் தளம். இவை மேசைக்கு அப்பாலிருந்தே தெரியும். பின்பூட்டு கிடைமட்டமாகத் திறக்குமா, செங்குத்தாகத் திறக்குமா என்பதெல்லாம் 15 மி.மீ.க்குக் கீழே தேவையில்லை.

சோவியத் 45 மி.மீ. பீரங்கிக்கு ஜெர்மன் பாக் 36ஐ வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே ரைன்மெட்டால் வடிவமைப்பிலிருந்து வந்தவை என்பதால் வண்டி ஒத்துப்போகும். ஆனால் 28 மி.மீ. அளவில் குழல் 30 மி.மீ.க்குப் பதில் 37 மி.மீ. இருக்க வேண்டும். அந்த ஏழு மில்லிமீட்டரை நீட்டாமல் வைத்தால் அது பாக் 36 ஆகத்தான் தெரியும். போலந்து, பின்லாந்து அணிகளுக்கோ ஒரே போஃபர்ஸ் 37 மி.மீ. போதும், இரு படைகளும் அதையே வைத்திருந்தன.

அருங்காட்சியகத்தில் நிற்கும் பீரங்கியின் அறிவிப்புப் பலகையை நம்பலாமா?

குழலை நம்புங்கள், வண்டியைச் சந்தேகியுங்கள். மர வண்டிகள் மழையில் அழுகியதால் பல இடங்களில் பிற்காலத்தில் செய்த வண்டியின் மேல்தான் பழைய குழல் நிற்கிறது. வார்ப்பிரும்பு நினைவுச்சின்ன வண்டிகளும் உண்டு. முதலில் சொன்ன "வண்டியைப் பார்" என்ற விதி போர்க்காலப் புகைப்படத்துக்கே பொருந்தும்; பூங்காவில் நிற்பதற்கு அல்ல.

குழலில் உள்ள குறிகளைப் படியுங்கள். பிரிட்டிஷ் குழலில் கோடிட்டுப் பிரித்த மூன்று எண்கள் எடையைச் சொல்லும்: முதலாவது 112 பவுண்டு கொண்ட ஹண்ட்ரட்வெயிட், இரண்டாவது 28 பவுண்டு கொண்ட கால் பங்கு, மூன்றாவது பவுண்டு. 6-1-10 என்றால் 672, 28, 10 கூட்டி 710 பவுண்டு, அதாவது 322 கிலோ. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் குழலில் வாயின் முகப்பில் ஆண்டு, எடை, வரிசை எண், சோதித்த அதிகாரியின் முதலெழுத்துகள் இருக்கும். வாயின் விட்டத்தை இரு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பல தடவை சுட்டுத் தேய்ந்த குழலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடத்தான் காட்டும்.

15, 16ஆம் நூற்றாண்டுகளுக்கு இவ்வளவு கவனம் தேவையா?

தேவையில்லை. அன்று குழல்கள் ஒவ்வொன்றும் ஒரு வார்ப்பு. கல்வரின், சேக்கர், ஃபால்கன் என்ற பெயர்களுக்கே ஊருக்கு ஊர் அளவு மாறும். ஒன்றை மட்டும் பாருங்கள். 1494ல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் கொண்டு சென்றவை ட்ரனியனோடு இரு சக்கர வண்டியில் நின்ற வெண்கலப் பீரங்கிகள். அதற்கு நூறு ஆண்டு முந்தைய போருக்கு அவற்றை வைக்காதீர்கள். அங்கே இரும்புப் பட்டைகளைச் சேர்த்து வளையமிட்டு, மரத் தொட்டிலில் கிடத்திய குழல்தான் வேண்டும்.

எதிராளியிடம் பதிலியைச் சொல்ல வேண்டுமா?

ஆட்டம் தொடங்குமுன் சொல்லுங்கள். தளத்தின் பின்விளிம்பில் பீரங்கியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஒரே ஆட்டத்தில் ஒரே மினியேச்சர் இரு வேறு பீரங்கிகளுக்கு நிற்கக் கூடாது. பீரங்கியைத் தளத்தில் பசையிடாமல், அச்சுக்கு அடியிலும் வாலின் நுனியிலும் 3 மி.மீ. காந்தம் வைத்தால் அடுத்த வாரம் வேறு நாட்டுக் குழுவோடு அதே பீரங்கி களமிறங்கும். வாலின் நுனி தரையைத் தொடுகிறதா என்று காந்தம் ஒட்டுமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் தடிப்பு வாலைத் தூக்கிவிட்டால் குழல் தரையை நோக்கிச் சாயும். தளத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டினால் சரியாகிவிடும்.